ஓட்டைச் சிமெண்டு வேண்டும்!

வீடு கட்டுகிற இடத்தில் சற்று நின்று கொத்தனாரின் வேலையைக் கவனித்திருப்பீர்கள். சிமெண்டையும் மணலையும் கலந்து, நடுவில் குழி செய்து, தண்ணீர் ஊற்றிக் குழைக்கிறார். பூச்சு முடிந்ததும் மேஸ்திரி வந்து முதலில் எதைப் பார்க்கிறார்? எங்காவது ஓட்டை இருக்கிறதா, காற்றுக் குமிழி உடைந்த குழி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். இருந்துவிட்டால் அன்றைக்குக் கொத்தனார் பாடு திண்டாட்டம்தான். நல்ல சிமெண்டு வேலை என்றால் ஓட்டையில்லாத வேலை என்பது அவர்கள் கணக்கு.

ஓட்டை நிறைய இருந்தால்தான் நல்ல சிமெண்டு என்று சொல்கிற வேறொரு தொழிலும் உண்டு. அங்கே ஒரு தடவைக்குக் குழைப்பது சில தேக்கரண்டிச் சாந்துதான். பூசுகிற கரண்டிக்குப் பதிலாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசி. பூசப்படும் இடம் சுவரன்று, உயிருள்ள மனிதரின் எலும்பு.

கை ஒடிந்தால் மாவுக்கட்டுப் போட்டுச் சில வாரங்கள் பொறுத்திருந்தால் தானே கூடிவிடுகிறதே, இதில் சிமெண்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒடிந்த முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் எலும்பு தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும். நடுவில் பள்ளம் விழுந்துவிட்டால்தான் தொல்லை. எலும்புக்குள் வளர்ந்த கட்டியைச் சுரண்டி எடுத்த இடம், விபத்தில் நொறுங்கிச் சிதறிய இடம், வயதான பாட்டியின் முதுகுத்தண்டில் வலுக்குன்றி அமுங்கிப்போன முள்ளெலும்பு ஆகியவற்றைச் சொல்லலாம். பள்ளம் சிறிதானால் எலும்பு அதைத் தாண்டிவிடும். பெரிதானால் தாண்ட முடியாது. அந்த இடத்தில் எலும்புக்குப் பதிலாகத் தழும்புத் தசை வளர்ந்துவிடும்.

இதற்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது, அதே நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்துப் பள்ளத்தில் வைப்பது. இன்றளவும் இதற்கு இணையான மருந்து இல்லை. ஆனால் ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு புண் செய்ய வேண்டியிருக்கிறது. வெட்டி எடுக்க அங்கே கிடைக்கும் எலும்பும் கொஞ்சம்தான். ஆகவேதான் பள்ளத்தை நிரப்ப வேறொரு பொருளைத் தேடத் தொடங்கினார்கள்.

பீர்க்கங்கூடும் எலும்பும்

தேடலைப் பற்றிச் சொல்லுமுன் எலும்பைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம். நம்மில் பலர் அதை உயிரற்ற கட்டை என்று நினைக்கிறோம். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் தொங்கும் எலும்புக்கூடு செய்த வேலை இது! உடலுக்குள் இருக்கும் எலும்பில் இரத்தம் ஓடுகிறது, செல்கள் வாழ்கின்றன. அச்செல்களுள் ஒருவகை பழைய எலும்பை அமிலத்தால் கரைத்துத் தின்றுகொண்டே போகிறது. அதன் பின்னாலேயே இன்னொரு வகை புதிய எலும்பைக் கட்டிக்கொண்டு வருகிறது. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தேய்த்துக் குளிக்கப் பயன்படுத்துவார்களே, அதுதான். குறுக்கும் நெடுக்குமாக நார்கள், இடையிலெல்லாம் வெற்றிடம். ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் வரும். நம் முள்ளெலும்புகளின் உட்புறமும், நீண்ட எலும்புகளின் முனைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன. அங்கே பாதிக்கு மேல் வெற்றிடம். சில இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குகூட வெற்றிடம். அதில் மச்சையும் இரத்த நாளங்களும் நிறைந்திருக்கின்றன. தொடையெலும்பின் நடுத்தண்டு போன்ற கெட்டியான எலும்பிலும் இரத்த நாளம் செல்ல மெல்லிய கால்வாய்கள் ஓடுகின்றன. இந்த வெற்றிடங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதை முழுவதும் அவற்றைப் பற்றியதே.

பல் வைத்தியமும் எலும்பு வைத்தியமும்

எலும்புப் பள்ளத்தை நிரப்ப முயன்ற முன்னோடிகளில் ஒருவர் டிரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1892-ல் அவர் பாரிஸ் சாந்தைக் குழைத்து எலும்புக் குழிகளில் இட்டார். அது உடலுக்கு ஊறு செய்யவில்லை. ஆனால் சில வாரங்களிலேயே கரைந்துபோய்விடும். எலும்போ அவ்வளவு விரைவாக வளராது. சாரம் பிரித்தபின் சுவர் எழுப்ப முடியுமா?

அடுத்து வந்தது இதற்கு நேர்மாறான பொருள். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி, 1958-ல் செயற்கை இடுப்பு மூட்டின் உலோகத் தண்டைத் தொடையெலும்பில் பொருத்த அக்ரிலிக் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார். பல்செட்டுக்கு அடித்தட்டுச் செய்யப் பல் மருத்துவர்கள் பயன்படுத்திவந்த பொருள் அது. பொடியையும் திரவத்தையும் கலந்தால் சில நிமிடங்களில் கல்லாகிவிடும். அதற்கு அன்று வைத்த ‘எலும்புச் சிமெண்டு’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. உலகெங்கும் எத்தனையோ முதியவர்கள் அதன் தயவால் நடக்கிறார்கள். 1984-ல் பிரான்சு நாட்டில் அமியான் நகர மருத்துவர்கள் அதையே ஊசிமூலம் முள்ளெலும்புக்குள் செலுத்தினார்கள். அமுங்கிய முள்ளெலும்பைத் தாங்கிப்பிடிக்கும் இன்றைய சிகிச்சைக்கு அதுவே தொடக்கம்.

குறைகளும் உண்டு. அக்ரிலிக் இறுகும்போது சூடு பிறக்கிறது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் 70 டிகிரி செல்சியசுக்கு மேலும் போவதுண்டு. எலும்பு எவ்வளவு சூடு தாங்கும் என்று ஸ்வீடன் நாட்டில் முயல்களைக் கொண்டு சோதித்தவர்கள், 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே அது சேதமடைகிறது என்று 1983-ல் எழுதினார்கள். அதைவிடப் பெரிய குறை, அக்ரிலிக் என்றென்றும் அக்ரிலிக்காகவே இருப்பது. எலும்புத் தின்னிச் செல்களால் அதைக் கரைக்க இயலாது. எண்பது வயதுப் பாட்டிக்கு இது போதும். கட்டியை எடுத்த எட்டு வயதுப் பையனுக்கு? அவன் எலும்பு வளர வேண்டும்; சிமெண்டு வளராது.

வழி மீண்டும் பல் பக்கத்திலிருந்தே கிடைத்தது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில், அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்வகத்தில் வால்டர் பிரவுன், லாரன்ஸ் சௌ என்ற இருவர் சொத்தை விழத் தொடங்கிய பல்லுக்கு இழந்த தாதுவை மீட்டுத்தரும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கால்சியம் பாஸ்பேட் பொடிகளை நீரில் குழைத்தபோது, பசை கெட்டியாக இறுகுவதைக் கண்டார்கள். இறுகிய பொருள், எலும்பிலும் பல்லிலும் உள்ள தாதுவின் இனத்தைச் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட். 1980-களின் நடுப்பகுதிக்குள் இது எலும்புக்கு ஏற்ற சிமெண்டு என்று தெளிவாகிவிட்டது. 1996-ல் மண்டையோட்டுப் பள்ளங்களை நிரப்ப அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது.

இதன் வேதியியல் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒருமுறை நீங்களும் போட்டுப் பாருங்கள். முதல் பொடி டெட்ரா கால்சியம் பாஸ்பேட்: அதில் கால்சியம் 4, பாஸ்பேட் 2, தனி ஆக்சிஜன் 1. இரண்டாவது டை கால்சியம் பாஸ்பேட்: அதில் கால்சியம் 1, ஹைட்ரஜன் 1, பாஸ்பேட் 1. இரண்டையும் கூட்டினால் கால்சியம் 5, பாஸ்பேட் 3. மிஞ்சிய ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து ஹைட்ராக்சில் 1. ஹைட்ராக்சி அபடைட்டின் வாய்பாடு இதுவேதான். ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை.

அப்படியானால் தண்ணீர் எங்கே போயிற்று? கணக்கில் அது வரவே இல்லை! தண்ணீர் இங்கே படகு மட்டுமே. பொடிகள் அதில் கரைகின்றன. கரைந்த அயனிகள் ஊசி ஊசியான புதிய படிகங்களாக வெளிப்படுகின்றன. படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, சாந்து இறுகுகிறது. வெறும் தண்ணீரில் இதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். சோடியம் பாஸ்பேட் கரைசலில் குழைத்தால் பத்து நிமிடம்போல் ஆகும். இது சேறு காய்வதுபோலக் காய்ந்து இறுகுவதில்லை. ஆகவே இரத்தமும் ஈரமும் நிறைந்த இடத்திலும் இறுகும். சூடும் பெரிதாக எழுவதில்லை.

குழைக்க ஊற்றிய தண்ணீரோ அப்படியே படிகங்களுக்கிடையில் தங்கிவிடுகிறது. அது நின்ற இடமெல்லாம் துளைகள். இறுகிய சிமெண்டின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு, சமயத்தில் பாதிகூடத் துளைதான். பின்னென்ன, வேண்டிய ஓட்டை கிடைத்துவிட்டதே என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அத்துளைகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவானவை. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எலும்பு கட்டும் செல்லின் பருமனோ இருபது மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். இரத்த நாளமும் செல்களும் கூட்டமாக நுழைந்து குடியேற நூறு மைக்ரோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட வாசல் வேண்டும். எலிவளை வழியே யானை போகுமா?

வாசல் இல்லாவிட்டால் எலும்புத் தின்னிகள் சிமெண்டை வெளிப்புறத்திலிருந்து மட்டுமே சுரண்ட முடியும். கெட்டியான அபடைட் சிமெண்டு பல ஆண்டுகளுக்குப் பிறகும் எலும்புக்குள் அப்படியே கிடப்பதைக் கண்டிருக்கிறார்கள். வாசல் இருந்தாலோ, உள்ளே நூறு இடங்களில் ஒரே சமயத்தில் வேலை நடக்கும். சிமெண்டு கரையக் கரைய எலும்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

துளை போடும் உபாயங்கள்

இறுகியபின் துளை போட முடியாது. அது உடலுக்குள் இருக்கிறது. முன்கூட்டியே துளைகளைச் செய்து, சுட்ட ஓடுபோல் ஒரு கட்டியாக வைக்கலாம். அப்படியும் செய்கிறார்கள். ஆனால் கட்டியை வைக்கப் பெரிதாக வெட்ட வேண்டும். கோணல்மாணலான பள்ளத்தில் அது சரியாகப் பொருந்தாது. ஊசியால் செலுத்தும் சாந்துதான் எந்தச் சந்துக்கும் போகும். ஆக, ஊசிவழியே போகவும் வேண்டும். போன இடத்தில் துளையோடு இறுகவும் வேண்டும்.

முதலில் தோன்றுவது கரையும் பொருளைக் கலப்பது. சர்க்கரை, உப்பு, மானிட்டால் போன்ற படிகங்களைச் சாந்தில் கலந்துவிட்டால், அவை பின்னர் கரைந்து தம் உருவத்தில் வெற்றிடம் விட்டுப் போகும். ஆனால் படிகங்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் அடைபட்டுவிடும். துளைகள் இருக்கும், இடையே கதவு இராது. தெர்மோகோலும் பஞ்சும் நினைவுக்கு வருகின்றனவா? இரண்டிலும் காற்றறைகள் உண்டு. தெர்மோகோல் தண்ணீரை உறிஞ்சாது, பஞ்சு உறிஞ்சும். நமக்கு வேண்டியது பஞ்சு. அதற்குப் படிகங்கள் ஒன்றையொன்று தொடும்வரை நிறையச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் சாந்து ஊசியில் நகராது. அவ்வளவு சர்க்கரையோ உப்போ ஒரே இடத்தில் கரைந்தால் சுற்றியுள்ள செல்களுக்கும் நல்லதன்று.

இரண்டாவது உபாயம் சமையலறை வாசனை அடிப்பது. சமையல் சோடாவையும் அமிலத்தன்மையுள்ள பாஸ்பேட் உப்பையும் சாந்தில் சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். ஆப்பத்தில் விழுவதுபோல் துளை விழும். ஆய்வுக்கூடத்தில் அழகாகவே வருகிறது. உடலுக்குள் பொங்கினால் வாயுக் குமிழி இரத்த நாளத்தில் புகுந்துவிடாதா என்பதே பயம்.

இந்தப் பயத்தைத் தீர்க்கும் வழி, பொங்குவதை முன்கூட்டியே வெளியில் முடித்துவிடுவது. ஸ்பெயின் நாட்டில் பார்சலோனா நகரத்து ஆய்வாளர் மரியா பாவ் கினெப்ராவும் குழுவினரும் முட்டையின் வெள்ளைக்கருப் புரதத்தைப் பயன்படுத்தினார்கள். கேக் செய்ய வெள்ளைக்கருவை அடித்தால் பொங்கிப் பஞ்சுபோல் நிற்கிறதல்லவா? அந்த நுரையில் சிமெண்டுப் பொடியைக் கலந்தார்கள். நுரையின் குமிழிகள் உடையாமல் ஊசி வழியே போயின. போன இடத்தில் குமிழிச் சுவரே சிமெண்டாக இறுகியது. நுரை நிறைந்திருந்தால் பக்கத்துப் பக்கத்துக் குமிழிகளுக்கிடையே சன்னல்களும் திறந்துகொள்கின்றன. இது 2007-ல் வெளிவந்த ஆய்வு. முட்டை சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் ஜெலட்டின், சோயா போன்றவற்றையும் பின்னர் சோதித்தார்கள்.

எல்லாவற்றிலும் நான் மிகவும் ரசித்தது ஹாக்கின் ஷூ என்பவரும் அவருடைய தோழர்களும் செய்தது. பிரவுனும் சௌவும் இருந்த அதே மேரிலாந்து ஆய்வகத்தில், தானே கரைந்துபோகும் தையல் நூலின் இழைகளை வெட்டிச் சிமெண்டில் கலந்தார்கள். மண்சுவரில் வைக்கோல் சேர்ப்பதுபோல, முதல் சில வாரங்கள் இழைகள் சிமெண்டுக்கு வலுவூட்டும். பின்பு அவை கரையும். கரைந்த இடம் நீண்ட சுரங்கமாகும். சுரங்கத்தில் எலும்பு வளர்ந்து, இழை செய்த வேலையைத் தான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

இழையை ஏன் வலுவுக்காகச் சேர்க்கிறார்கள்? துளை கூடக் கூட வலிமை சரிகிறது. அதுவும் மெதுவாக அன்று, மளமளவென்று. ஒரு மெகா பாஸ்கல் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழப் பத்துக் கிலோ எடை அழுத்துவது. தொடையின் கெட்டி எலும்பு நூற்றுக்கும் மேற்பட்ட மெகா பாஸ்கல் தாங்கும். நுரைச் சிமெண்டு ஒரு சில மெகா பாஸ்கலிலேயே நொறுங்கக்கூடும். பஞ்செலும்புக்கு அது ஏறக்குறையப் போதும். ஆனால் பஞ்செலும்பு வளைந்துகொடுக்கும், சிமெண்டு பட்டென்று உடையும். ஆகவே உடலின் சுமையைத் தாங்கும் இடங்களில், பக்கத்தில் உலோகத் தகடோ திருகாணியோ துணைக்கு இல்லாமல் இதை நம்பி வைப்பதில்லை.

தேங்காய்ப்பால் தரும் பாடம்

ஊசியில் அடைத்து அழுத்துவதும் எளிதன்று. துருவிய தேங்காயைத் துணியில் கட்டிப் பிழிந்தால் பால் வெளியே வருகிறது, சக்கை உள்ளே நிற்கிறது. சாந்தை அழுத்தும்போதும் இதே ஆபத்துதான். தண்ணீர் முந்திக்கொண்டு ஊசியில் ஓடிவிடும். பொடி உள்ளே கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். அறுவை நடுவில் ஊசி அடைத்துக்கொண்டால் மருத்துவர் என்ன செய்வார்? இதைத் தடுக்கப் பொடியை மிக நுண்ணியதாக அரைக்கிறார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டு, செல்லுலோசு வகைப் பிசின் போன்றவற்றைத் தண்ணீரில் சேர்த்துக் குழகுழப்பாக்குகிறார்கள். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தின் ஆய்வாளர்கள், கால்சியம் பாஸ்பேட் சிமெண்டு ஒன்றை உருவாக்கியதோடு நில்லாமல், அதைச் சிக்கலின்றி ஊசியால் செலுத்தவும் வழிகண்டு 2003-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

குழகுழப்பு இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. இறுகுமுன் இரத்தம் பட்டுச் சாந்து கரைந்து, பொடி இரத்தவோட்டத்தில் கலந்தால் ஆபத்து. இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவில் ஒரு நிறுவனம், முதுகெலும்பில் பயன்படுத்த அனுமதி பெறாத கால்சியம் பாஸ்பேட் சிமெண்டு ஒன்றை, 2002 முதல் 2004 வரை முதுகெலும்பு நோயாளிகளிடமே சோதிக்க வைத்தது. இத்தகைய சிமெண்டு இரத்தத்தை உறையச் செய்யலாம் என்று சோதனைக்குழாயிலும் பன்றியிலும் செய்த சிறு சோதனைகள் முன்னரே எச்சரித்திருந்தன. நோயாளிகள் மூவர் அறுவை மேசையிலேயே இறந்தபிறகுதான் விற்பனை நின்றது. நிறுவனம் 2010-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது; மறு ஆண்டில் அதன் உயர் அதிகாரிகள் நால்வர் சிறைக்குப் போனார்கள். புதிய சிமெண்டு ஒன்று ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு வர ஏன் இத்தனை ஆண்டுகள் என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

கால்சியம் பாஸ்பேட் சிமெண்டு உங்களுக்குக் கிடைக்காது. பாரிஸ் சாந்து கடையில் கிடைக்கும். டிரீஸ்மன் தொடங்கியதும் அதில்தானே! மூன்று காகிதக் கோப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் பாரிஸ் சாந்து மட்டும் ஆறு கரண்டி. இரண்டாவதில் சாந்து ஐந்து கரண்டி, கல் உப்பு ஒரு கரண்டி. மூன்றாவதில் சாந்து இரண்டு கரண்டி, கல் உப்பு நான்கு கரண்டி. பொடி மூக்கில் ஏறாதபடி துணி கட்டிக்கொள்ளுங்கள். சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டுத் தோசை மாவுப் பதத்தில் கலக்குங்கள். உப்புச் சேர்ந்தது விரைவில் இறுகிவிடும் என்பதால் சுறுசுறுப்பு வேண்டும். கலவைக்குள் விரலை வைத்துக்கொண்டிருக்காதீர்கள்; இறுகும்போது சூடேறும். மிச்சத்தைத் தொட்டியில் கழுவி ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் வீட்டில் திட்டு வாங்கித் தர நான் பொறுப்பில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் காகிதத்தைக் கிழித்து எடுத்து, மூன்று கட்டிகளையும் தனித்தனிப் பாத்திரத்தில் தண்ணீரில் போடுங்கள். காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். மூன்றாம் நாள் எடுத்து நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எதன் அடியில் முதலில் சொட்டுகிறது? பிறகு ஒவ்வொன்றையும் கையால் ஒடியுங்கள். உள்ளே துளைகள் தனித்தனியாக நிற்கின்றனவா, கைகோத்து நிற்கின்றனவா என்று பூதக்கண்ணாடியில் கவனியுங்கள். எந்தக் கட்டியை ஒடிக்க எவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.